மேற்குத் தோட்டத்துக் கம்பம்

செங்காட்டுப்புதூரில் ஊருக்குள் அறுபத்து மூன்று வீடு. அத்தனை வீட்டுக்காரர்களையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவதென்றால் லேசுப்பட்ட காரியமா? பொங்கியண்ணன் எட்டு வருஷம் நடையாய் நடந்து கொண்டுவந்தார். அதற்குள் தலை வெளுத்து, முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஊரில் பேசிப் பேசித் தொண்டை வற்றியதில், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதே இல்லை.

எல்லாம் பிளேக்குக்காகத்தான். எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்து காட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யார் காட்டுக்குப் போவது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது, முதல் வண்டி யாருடையது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எலி விழுந்தபோது ஊர் கூடி மூன்று நாள் இதையே பேசியது. அந்த மூன்று நாளில் பொங்கியண்ணனின் பெண்டாட்டி ராசாத்தாளுக்குக் கக்கத்தில் நெறி கட்டிவிட்டது. பேச்சு முடிந்து வண்டி பூட்டியபோது அவள் இல்லை.

அதற்கப்புறம்தான் அந்த நோட்டு. நீலக் காலிக்கோ அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. எந்த வீதி எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும், யார் வண்டியில் யார் வீட்டுக் கிழவி ஏற வேண்டும், எத்தனை நாளைக்குக் கம்பும் உப்பும் கட்டிக்கொள்ள வேண்டும், காலியான வீட்டுக்கு யார் காவல் என்று எல்லாம் அதில் இருந்தது. ஐந்து தோட்டங்களில் தங்குவதற்கு ஓலைச் சாளைகளும் போட்டாகிவிட்டன. போன புரட்டாசியில் ஒத்திகைகூட நடத்தினார். ஒரு கிழவி ஆட்டுக்கல்லையும் வண்டியில் ஏற்றச் சொல்லி அழிச்சாட்டியம் பண்ணியதில் அரைப் பொழுது போயிற்று. ஊர்க்கவுண்டர் அப்புசாமி நோட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்புசாமி வேறு யாருமில்லை, செத்துப்போன ராசாத்தாளின் அண்ணன்தான்.

நோட்டில் ஒரே ஒரு பக்கம் மட்டும் காலி. ‘தெற்கு வளவு’ என்று மேலே எழுதி, கீழே ‘பின்னால் பார்த்துக்கொள்வது’ என்று எழுதியிருந்தார். வளவு என்பது ஊர்க் காடுகளில் பண்ணையத்து வேலை செய்கிறவர்களின் குடிசைகள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பதினெட்டுக் குடிசை இருந்தது. அவர்களை எந்தக் காட்டில் விடுவது, எந்தக் கிணற்றைத் தொட விடுவது என்று பேச்செடுத்தால் அறுபத்து மூன்று பேரும் அறுபத்து மூன்று பக்கம் பார்த்தார்கள். பொங்கியண்ணனும் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பக்கம் காலியாகக் கிடந்ததில் அவருக்கு ஒரு நாளும் தூக்கம் கெடவில்லை.

கார்த்திகையில் சுகாதார இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜுலு ஊசி போட வந்தபோதும் இதே கதைதான். மேசையை எங்கே போடலாம் என்று அவர் கேட்டார். கோயில் வாசல்தான் விசாலம் என்று பொங்கியண்ணன் சொன்னார். வளவு ஆட்கள் கோயில் வாசலுக்கு வரக்கூடாது. அவர்கள் புளியமரத்தடியில் காலையிலிருந்து நின்றார்கள். ஊர் முடிந்து அவர்கள் முறை வருவதற்குள் மருந்து தீர்ந்துபோயிற்று. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறினார். எந்த வாரமும் வரவில்லை.

தை பிறந்ததும் மேற்கே இரண்டு ஊர் தள்ளி எலி விழுகிறது என்று சேதி வந்தது. அப்புசாமி உடனே ஊரைக் கூட்டி, மாரியாத்தா நோம்பி சாட்டிவிடலாம் என்றார். சாட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் எல்லையைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள கம்பத்தை நட்டுவிட்டால், பதினைந்தாம் நாள் அதைப் பிடுங்கும் வரை ஊர்க்காரர் எவரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. சந்தைக்குப் போனாலும் பொழுது சாய வீடு வந்துவிட வேண்டும். பெண்கள் தினமும் எல்லைக்குள்ளேயே தண்ணீர் எடுத்துக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள், விளக்கு வைக்கும் நேரம் தப்பட்டை கொட்ட வேண்டும்.

எலி விழுந்தால் ஊரை விட்டு ஓட வேண்டும் என்று எட்டு வருஷமாக மாரடித்த மனுஷன், ஊரை விட்டு ஒருவரும் நகரக்கூடாது என்கிற சாட்டுக்கு எழுந்து நின்று மறுப்புச் சொல்ல வேண்டுமா இல்லையா? பொங்கியண்ணன் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குப் பேசச் சத்தில்லை. பதினைந்து நாள்தானே, அதற்குள் என்ன வந்துவிடப்போகிறது என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஒரே மகள் நாச்சியம்மாள் அப்போது நிறைமாசமாக வீட்டில் இருந்தாள். ஊசி போட்ட நாளில் அவள் ஊரில் இல்லை.

சாட்டிய ஐந்தாம் நாள் காலை சின்னத்தாயி வந்தாள். வளவிலிருந்து வந்து ஊர்த் தெருவைக் கூட்டிப் பெருக்குகிறவள், தப்பட்டை கொட்டும் ஐயாசாமியின் பெண்டாட்டி. எலி விழுந்தால் எடுத்துவந்து சேதி சொல்லும் வேலையை நோட்டில் அவள் பேரில்தான் எழுதியிருந்தது. முறத்தில் ஆமணக்கு இலை பரப்பி, மேலேயும் இலை மூடிக் கொண்டுவந்து தொழுவத்து ஓரமாக வைத்தாள்.

“மூணுங்க சாமி.”

“எங்கே?”

“பெரிய ஊட்டுப் பருத்திக் கொட்டாயிலங்க. தூரக் கொண்டுபோய்ப் போட்டுப்போட்டு வாயத் தொறக்காதன்னு கவுண்டரம்மா சொன்னாங்க. எங்க உழுந்தாலும் மொதல்ல உங்ககிட்டத்தான் வரோணும்னு நீங்க சொல்லியிருக்கறீங்க. அதுதானுங்க வந்தேன்.”

பொங்கியண்ணன் அவள் கையைப் பார்த்தார். “இடுக்கி என்னாச்சு? நாலு அடிக்கச் சொல்லியிருந்தனே.”

“கொல்லரு நோம்பி முடியட்டும்னு சொல்லிப்போட்டாருங்க. வெறுங்கையிலதானுங்க எடுத்தேன்.”

“போயி நல்லாக் கையக் கழுவு” என்றார். அதற்குமேல் அவருக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சீமெண்ணெய் ஊற்றி மூன்றையும் முறத்தோடு கொளுத்திவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு அப்புசாமியின் பெரிய வீட்டுக்கு நடந்தார்.

அப்புசாமி பல் விளக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

“தெரியும் மாப்பிள்ளை. நேத்தே ரெண்டு உழுந்துது” என்றார்.

“தெரிஞ்சுமா பேசாம இருக்கறீங்க? மச்சான், இன்னைக்கே வண்டி பூட்டோணுங்க. நோட்டுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க.”

“சாட்டியாச்சு. கம்பம் புடுங்காம எல்லை தாண்டக் கூடாது.”

“இன்னும் பத்து நாள் இருக்குதுங்க. பத்து நாள்ல இந்த ஊர்ல யாரு மிஞ்சுவாங்கன்னு நெனைக்கறீங்க?”

அப்புசாமி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “போன தடவை நோம்பி சாட்டாம ஊரை உட்டுப் போறதுக்கே நின்னோம். எந்தங்கச்சி போயிட்டா. இந்தத் தடவ ஆத்தாளை உட்டுப்போட்டு நான் போகமாட்டேன் மாப்பிள்ளை. நீ என்ன சொன்னாலுஞ் சரி.”

 மூன்று நாள் தாமதத்தால் ராசாத்தாள் செத்தாள் என்று பொங்கியண்ணன் எட்டு வருஷமாக நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். சாட்டாததால் செத்தாள் என்று அவள் அண்ணன் எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். செத்தவள் ஒருத்தி. அழுகிற இரண்டு பேரும் ஊரை இரண்டு பக்கம் இழுத்தால் என்னதான் செய்வது?

வீட்டுக்கு வந்து நாச்சியம்மாளிடம், “கண்ணு, நீயாச்சும் தோட்டத்துச் சாளைக்குப் போயிரு, நான் வண்டி பூட்டறேன்” என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“சாட்டை மீறிப் போயி, கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னப்பா பண்றது? மாமனும் போகக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. நான் வரலைப்பா.”

அவருக்கு அழுகை வந்தது. மகள் முன்னால் அழக் கூச்சப்பட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் தொழுவத்துக்குப் போனார். அங்கே ஐயாசாமி வேலிக்கு அந்தப் பக்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏனுங் சாமி, ஒண்ணு கேக்கோணுங்க. இந்தச் சாட்டு எங்களுக்கும் உண்டுங்களா?”

“ஏன் கேக்கற?”

“எல்லைக்கல்லு வளவுக்கு இந்தப் பக்கந்தானுங்க நட்டிருக்குது. சாட்டுத் தண்ணி தெளிச்சுட்டுப் போனப்பவும் அந்தக் கல்லோட திரும்பிட்டாங்க. எல்லை தாண்டக் கூடாதுன்னா, நாங்க பொறந்ததுலருந்து தாண்டித்தானுங்க இருக்கறோம். பதினெட்டு ஊட்டு ஆளும் எங்கியாச்சும் போயிரலாம்னு பாக்கறோம். நோட்டுல எங்களுக்கு எந்தத் தோட்டம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

பொங்கியண்ணன் நோட்டைத் திறக்கவில்லை. காலிப் பக்கத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷனுக்கு என்ன சொல்வது?  அப்புறம்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. வளவு போனால் தப்பட்டையும் போகும். தப்பட்டை இல்லாமல் கம்பத்துக்கு ஒரு நாள் பொழுது போகாது. கம்பம் தப்பட்டையைத் தேடிக்கொண்டு போனால் ஊர் கம்பத்தின் பின்னால் போகும், ஊர் போனால் நாச்சியம்மாளும் போவாள். இதுதான் அவர் போட்ட கணக்கு. ஐயாசாமி மேல் இரக்கப்பட்டுச் செய்தார் என்று நான் சொன்னால் அது பொய்.

“என்ற மேற்குத் தோட்டத்துக்குப் போங்க. தப்பட்டையும் கொண்டுபோயிரு” என்றார்.

ஐயாசாமிக்கு முகம் மாறிவிட்டது. “கம்பத்துக்குக் கொட்டாம போனேன்னா பெரிய கவுண்டரு என்ற தோலை உரிச்சுப்போடுவாருங்க.”

“நான் சொன்னேன்னு சொல்லு. அடி விழுந்தா எனக்கு விழுகட்டும்.”

“சரிங்க. தண்ணிக்கு?”

“கெணறு இருக்குதல்ல. எறைச்சுக்குங்க.”

ஐயாசாமி அவர் முகத்தைப் பார்த்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வளவைப் பார்க்க நடந்தார்.

அன்று மத்தியானத்துக்குள் வளவு காலியாயிற்று. பொழுது இறங்கியதும் கோயில் வாசலில் கூட்டம் கூடியது, கொட்ட ஆளில்லை. அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பொங்கியண்ணனின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். பத்துப் பேர் பார்க்க வாய்க்கு வந்தபடி பேசினார். மாப்பிள்ளை என்கிற முறையெல்லாம் அன்றைக்குக் காற்றில் போயிற்று. பொங்கியண்ணன் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திட்டு வாங்குவது அவருக்குப் புதிதல்ல, எட்டு வருஷத்துப் பழக்கம்.

அந்த நேரம் மேற்கேயிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டது. கம்பத்துக்குக் கொட்டும் முறையை விடாமல் ஐயாசாமி தோட்டத்தில் நின்று, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் அடங்கிப்போய்க் கேட்டது. ஆத்தா மேற்கே போயிட்டாளோ என்று பெண்களில் யாரோ முணுமுணுத்தார்கள்.

ஒரு சத்தத்துக்கெல்லாம் ஊர் நகர்ந்துவிடுமா? நகரவில்லை. மறுநாள் காலை கோயிலில் பூசை செய்யும் பண்டாரத்தின் வீட்டு அடுப்படியிலேயே ஒரு எலி விழுந்தது. அதற்கப்புறம் ஆத்தாளின் உத்தரவு பண்டாரத்துக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கம்பத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு போகலாமாம், போகிற இடத்தில் புது எல்லை கட்டிக்கொண்டால் சாட்டுக்குப் பழுதில்லையாம். அப்புசாமி கம்பத்தைச் சுற்றி வந்து கும்பிட்டார். கடைசியில், “ஆத்தா முன்னால போனா நான் பின்னால வாரேன்” என்றார்.

வண்டிகள் நோட்டில் எழுதியபடி ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஆட்டுக்கல் கிழவி இந்தத் தடவை அம்மிக்கல்லோடு வந்தாள். இறக்கி வைக்கச் சொல்லிச் சண்டைபோடப் பொங்கியண்ணனுக்குத் தெம்பில்லை, ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நாச்சியம்மாள் வைக்கோல் மெத்தைமேல் உட்கார்ந்து போவதைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்த மாதிரி இருந்தது.

மேற்குத் தோட்டத்தில் கம்பம் நட்டார்கள். அடுத்தடுத்து இருந்த ஐந்து தோட்டத்தையும் சுற்றிச் சாட்டுத் தண்ணீர் தெளித்து எல்லை கட்ட அப்புசாமி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நடந்தார். பொங்கியண்ணன் வழி காட்டினார். மேற்கு மூலையில் வளவு ஆட்கள் புதிதாகப் போட்டிருந்த குடிசைகள் வந்ததும் அப்புசாமி உள்பக்கமாகத் திரும்பப் பார்த்தார்.

“அப்பிடித் திரும்புனா கெணறு வெளிய போயிருங்க மச்சான். கம்பத்துத் தண்ணிக்கு நோம்பிப் பொம்பளைக எல்லை தாண்டோணும்” என்றார் பொங்கியண்ணன்.

கிணறு குடிசைகளைத் தாண்டித்தான் இருந்தது. அப்புசாமி குடிசைகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டார். பிறகு குடிசைகளையும் கிணற்றையும் சுற்றிக்கொண்டே தெளித்துப் போனார். மண்ணில் மஞ்சள் கோடு ஈரமாகக் கிடந்தது, கோட்டு ஓரமாக வேப்பிலை கட்டிய முளைக்குச்சிகளை நட்டுவந்தார்கள். அப்போது அதைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை, எல்லோருக்கும் பசி.

தோட்டத்துக்கு வந்த மூன்றாம் நாள் சின்னத்தாயிக்குக் காய்ச்சல் கண்டது. பொங்கியண்ணன் போய்ப் பார்த்தபோது குடிசை வாசலில் ஐயாசாமி உட்கார்ந்திருந்தார். “தொடையிடுக்குல நெறி கட்டியிருக்குதுங்க” என்று மட்டும் சொன்னார். இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பினார்கள், அவர் வேறு தாலூகாவுக்குப் போயிருக்கிறார் என்று போன ஆள் வந்து சொன்னான். நாச்சியம்மாளுக்குக் காய்ச்சல் இல்லை. ஊர் ஆட்களில் ஒருவருக்கும் இல்லை. நோட்டு வேலை செய்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நோட்டைக் கிணற்றில் வீசிவிடலாம் போல அவருக்கு இருந்தது.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் சின்னத்தாயி செத்துப்போனாள்.

சேதி கேட்டு அப்புசாமி வந்தார். கிணற்றடியில் பொங்கியண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

“வளவுச் சாவுதான மாப்பிள்ளை. சட்டுப்புட்டுனு எடுத்துப்போட்டு, சாயங்காலம் கொட்டுக்கு வரச் சொல்லு. எல்லைக்கு வெளிய நடந்தது கம்பத்தைத் தீண்டாது.”

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சாட்டியிருக்கும்போது எல்லைக்குள் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊர் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டும். வளவில் எத்தனையோ பேர் நோம்பிக் காலத்தில் செத்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஊரில் ஓர் அடுப்பும் அணைந்ததில்லை.

பொங்கியண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வெளிய இல்லீங் மச்சான். உள்ளதான்.”

“என்ன சொல்ற நீ?”

“எல்லை கட்டுனது நீங்கதானுங்க. நான் கூட நடந்தேன். அந்தக் குடிசையச் சுத்தித்தான தெளிச்சீங்க.”

அப்புசாமி திரும்பிக் குடிசையைப் பார்த்தார். மஞ்சள் கோடு காய்ந்து போயிருந்தாலும் வேப்பிலை கட்டிய முளைக்குச்சிகள் குடிசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றன. ஆத்தாளுக்குப் பயந்த மனுஷன் அவர், அந்தப் பயம் பொய்யில்லை.  பிறகு தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அப்ப ஊருக்குச் சொல்லிப்போடு” என்றார்.

சாவு விழுந்தால் தோட்டம் தோட்டமாய்ப் போய்ச் சொல்வது ஐயாசாமியின் வேலை. அவர் பெண்டாட்டியின் தலைமாட்டில் தப்பட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? பொங்கியண்ணன்தான் கிளம்பினார்.

ஐந்து தோட்டம், அறுபத்து மூன்று சாளை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, “சாவு விழுந்திருக்குது, அடுப்பை அணைச்சிருங்க” என்றார். ஒவ்வொரு வாசலிலும் யார் என்று கேட்டார்கள். “சின்னத்தாயி” என்றார். எந்தச் சின்னத்தாயி என்று சிலர் கேட்டார்கள். “எலி எடுத்தவ. உங்களுக்கெல்லாம் மொதல்ல எலி எடுத்தவ” என்றார். முகத்தைச் சுளித்தவர்கள் இருந்தார்கள், வளவுச் சாவுக்கெல்லாமா என்று எகிறியவர்கள் இருந்தார்கள். பெரிய கவுண்டர் உத்தரவு என்றதும் கொள்ளிக்கட்டையை இழுத்துத் தண்ணீர் தெளித்தார்கள். நாற்பதாவது சாளையில் அவருக்குக் குரல் கட்டிவிட்டது. அவளுக்கு ஊசி இல்லாமல் போனது நான் மேசை போடச் சொன்ன இடத்தால், கையில் இடுக்கி இல்லாமல் போனது நான் கேட்டு வாங்காததால் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அடுத்த சாளைக்கு நடந்தார்.

கடைசியாக அவர் சாளைக்கு வந்தபோது நாச்சியம்மாள் கம்மஞ்சோறு உலையில் வைத்திருந்தாள். பாதி வெந்திருந்தது.

“உக்காருங்கப்பா, காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. எனக்கும் பசி உயிர் போகுது. இப்ப ஆயிரும்.”

“அடுப்பை அணைச்சிரு கண்ணு. சாவு.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “யாருப்பா? நம்மூர்லயா?”

“நம்மூர்லதான்” என்றார் பொங்கியண்ணன். “சின்னத்தாயி.”

நாச்சியம்மாள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள்.